கட்டணமும் கட்டுச்சோறும்

நெல்லைச் சீமைப் பள்ளிக்கூடங்கள் – பகுதி 9

பள்ளிக்கூட வரலாறு என்றால் கல்வெட்டிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். அடிக்கல் நாட்டிய நாள், திறந்து வைத்த பெரியவர், இடம் கொடுத்த குடும்பம், முதல் தலைமையாசிரியர் என்று அந்த வரிசை போகும். வெள்ளிவிழா மலர்களும் நூற்றாண்டு மலர்களும் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் சங்கரன்கோவில் போன்ற ஒரு தாலுகா ஊரில் உயர்நிலைப் பள்ளி யாரை உள்ளே விட்டது, யாரை வாசலோடு திருப்பி அனுப்பியது என்று கேட்டால் கல்வெட்டு பதில் சொல்லாது. கிழக்கே மழையை நம்பிப் பருத்தி போடும் கரிசல் ஊர்கள்; மேற்கே மலையடிவாரத்துக் குளத்துப் பாசனம்; நடுவில் சங்கரநாராயணர் கோயில், தாலுகா கச்சேரி, பூச்சந்தை, விசைத்தறிகள். இப்படிப்பட்ட ஊரின் பள்ளியை ஊர்ப் பிள்ளைகள் மட்டும் நிரப்புவதில்லை. சுற்றுப்பட்டி கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் சேர்ந்தால்தான் அது நிரம்பும். பள்ளி கட்டப்பட்ட நாளிலேயே அது எல்லோருக்கும் பொதுவாகிவிடவில்லை என்பதே இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது. ஒரு பிள்ளை வீட்டிலிருந்து கிளம்பி வகுப்பில் வந்து உட்கார ஆகும் செலவுகளை, சம்பளம், மதியச் சோறு, சட்டை, வழி என்று ஒவ்வொன்றாக வேறு யாராவது ஏற்றுக்கொண்டபோதுதான் அது பொதுவானது. அது நடக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சென்னை மாகாணத்தில் உயர்நிலைப் படிப்பு மேலிருந்து கீழே இறங்கி வந்தது. 1841-ல் சென்னையில் ஒரு உயர்நிலைப் பள்ளி தொடங்கிற்று. பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வுதான் உயர்நிலைப் பள்ளிகளின் இலக்கு. கிராமத்துக் குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கச்சேரிக்கும் கோர்ட்டுக்கும் ஆள் எடுப்பதே அந்த அமைப்பின் முதல் கவலை. 1882-ல் கூடிய ஹன்டர் ஆணையம் ஒரு படி மேலே போயிற்று: உயர்நிலைக் கல்வியை அரசு நேரடியாக நடத்துவதிலிருந்து மெல்ல விலகிக்கொள்ள வேண்டும், தனியார் நடத்தட்டும், அரசு மானியம் கொடுத்தால் போதும் என்பது அதன் பரிந்துரை. திருநெல்வேலி ஜில்லாவில் தனியார் பள்ளிகள் அதற்கு முன்பே தலையெடுத்திருந்தன. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிகள் வேரூன்றின. திருநெல்வேலியில் 1861-ல் தொடங்கிய பள்ளி 1878-ல் இரண்டாந்தரக் கல்லூரியாகி, ம.தி.தா. இந்துக் கல்லூரி என்று பெயர் பெற்றது. இரண்டும் ஜில்லாவின் தலைநகரை ஒட்டியவை. சங்கரன்கோவில் தாலுகாவில் ஒரு சம்சாரியின் பையன் மெட்ரிகுலேஷன் வரை போக நினைத்தால், வெளியூரில் தங்கவும் சாப்பிடவும் சம்பளம் கட்டவும் வீட்டில் வழி இருக்க வேண்டும்.

வழி இல்லாதவன் என்ன செய்தான் என்பதற்கு நம் கையில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. எட்டயபுரம் அரண்மனையில் வேலை பார்த்த சின்னசாமி ஐயரின் மகன் சுப்பிரமணியன் நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். தகப்பனார் எட்டயபுரத்தில் பஞ்சாலை வைத்துப் பெரும் நட்டத்தில் விழுந்தார். 1897-ல், பதினைந்து வயது நிரம்பாத அந்தப் பையன், தன் படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் ஜமீன்தாருக்குக் கவிதையிலேயே ஒரு விண்ணப்பம் எழுதினான். அடுத்த ஆண்டு தகப்பனாரும் இறந்துபோனார். பின்னாளில் பாரதி என்று அறியப்பட்ட அவன் காசிக்குப் போனதும் அங்கே படிப்பைத் தொடர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த விண்ணப்பத்தைப் பாரதியின் கவித்திறனுக்கு முதல் அடையாளமாகவே நாம் படித்து வருகிறோம். பள்ளிக்கூட வரலாற்றில் அதற்கு வேறொரு இடமும் உண்டு. உயர்நிலைப் படிப்பு என்பது அன்றைக்குப் புரவலரைத் தேடி வாங்க வேண்டிய பொருளாக இருந்தது. அரண்மனையோடு பழக்கம் உள்ள, கவி பாடத் தெரிந்த, மேல்சாதியில் பிறந்த பையனுக்கே இந்த நிலை. கரிசலில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்களின் பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்று எழும். ஜமீன்தாரையும் வெள்ளைக்காரனையும் நம்பாமல் ஊர்மக்களே பள்ளி நடத்தவில்லையா? நடத்தினார்கள். விருதுநகர் க்ஷத்ரிய வித்யாசாலை அதற்குச் சிறந்த உதாரணம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒதுக்கிச் சேர்த்த மகமைப் பணத்தைக் கொண்டு அதை எழுப்பினார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி ஒதுக்கிச் சேர்த்துப் பள்ளியைக் காப்பாற்றினார்கள். கோயிலுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் பிள்ளைகளைப் படிக்க வைத்துத் தலைநிமிர்ந்தது, இந்த வட்டார வரலாற்றிலேயே பெருமைப்பட வேண்டிய செயல். 1927-ல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை போடப்பட்ட பிறகு சங்கரன்கோவிலும் அதே தடத்தில் ஒரு ஸ்டேஷன் ஆயிற்று. விருதுநகரின் முன்னுதாரணம் இந்தப் பக்கத்துக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. மகமை கட்ட வியாபாரம் வேண்டும். வியாபாரம் இல்லாத சமூகத்துக்கு மகமை ஏது? அந்தப் பள்ளியில் படித்த ஒருவரின் வாழ்க்கையே இன்னொரு எல்லையையும் காட்டுகிறது. தகப்பனார் இறந்து வீடு தடுமாறியபோது காமராஜ் என்ற சிறுவன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் நின்றான். ஊர் நடத்திய பள்ளி பக்கத்திலேயே இருந்தது. ஆனால் வீட்டு வறுமையை அது தாங்கிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் அவர் முதலமைச்சராகி எடுத்த முடிவுகளுக்கு இந்த அனுபவத்தை வேராகச் சொல்வது வழக்கம். மனித மனத்தின் கணக்கை நான் தீர்மானிக்க முடியாது. பள்ளி இருந்தால் மட்டும் போதாது என்பதை அது நிரூபிக்கிறது. என் வாதத்துக்கு அது போதும்.

1911-ல் மெட்ரிகுலேஷன் போய் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. ஐந்து வகுப்புகளுக்குப் பின் முதல் பாரம் தொடங்கி ஆறாம் பாரம் வரை, மொத்தம் பதினோரு ஆண்டுகள். கெட்டி அட்டை போட்ட எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஒரு தலைமுறைக்குச் சொத்துப் பத்திரம் போலவே இருந்தது. அதில் பிறந்த தேதி இருக்கும், உடம்பில் உள்ள மச்சமும் தழும்பும் அங்க அடையாளமாகப் பதிந்திருக்கும், பாடவாரியாக மதிப்பெண் இருக்கும். கல்லூரிக்குத் தகுதி பெற்றோர் பட்டியலில் எண் வந்ததா என்று பார்ப்பதற்கு ஊரே கூடியது. வேலைக்கு, கல்யாணத்துக்கு, கடன் ஜாமீனுக்குக்கூட அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்கள். ஜில்லா போர்டுகள் தாலுகா ஊர்களில் உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தது இந்தக் காலத்தில்தான். போர்டு ஹைஸ்கூல் என்ற பெயர் இன்றும் முதியவர்களின் வாயில் வருகிறது. போர்டு வந்ததால் தூரம் குறைந்தது. சம்பளம் குறையவில்லை, மொழியும் மாறவில்லை. சரித்திரமும் கணக்கும் பெரும்பாலும் இங்கிலீஷில்தான். 1930-களின் இறுதியில் மேல் பாரங்களில் பாடங்களைத் தாய்மொழியில் நடத்தும் ஏற்பாடு வலுப்பெற்றபோது, அதற்குத் தேவையான கருவியை நெல்லையே செய்து கொடுத்தது. 1934-ல் திருநெல்வேலியில் அமைந்த சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பில் 1938-ல் கலைச்சொற்கள் தொகுப்பை வெளியிட்டது. வேதியியலும் இயற்பியலும் கற்பிக்கத் தமிழில் சொல் இல்லை என்ற சாக்கு அதன்பின் எடுபடவில்லை. பணம் சாராத தடை ஒன்றை நீக்கும் முயற்சி இந்த ஜில்லாவிலிருந்தே கிளம்பியது. அதை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

1951 கணக்கெடுப்பில் இந்த மாநிலத்தில் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. இந்தப் பின்புலத்தில்தான் 1950-களின் நடுவில் நடந்த மாற்றத்தை மதிப்பிட வேண்டும். 1956-ல் காமராஜ் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர் எட்டயபுரம். பாரதி உதவி கேட்டு எழுதிய அதே ஊரில், ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து, பசியோடு வரும் பிள்ளைக்குச் சோறு போடுவது அரசின் கடமை என்று முடிவாயிற்று. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு இதைத் துறை முழுவதும் எடுத்துச் சென்றார். செலவில் பெரும்பங்கு அரசுடையது, மீதி ஊருடையது என்று பிரித்தார்கள். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் கரும்பலகையும் பெஞ்சும் மணியும் கட்டடமும் கொடுத்தார்கள். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலை, ஐந்து மைலுக்குள் உயர்நிலை என்று இலக்கும் வகுத்தார்கள். இலவசச் சீருடையும் 1960-ல் வந்தது. ஆனால் வரலாறு எழுதுபவர்கள் அடிக்கடி மறந்துபோகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த மதிய உணவு கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. ஐந்தாறு மைல் நடந்து தாலுகா ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பையனுக்கு அது கிடைக்கவில்லை. அவனுக்குக் கட்டுச்சோறுதான். தூக்குச்சட்டியில் கம்பங்கூழோ பழைய சோறோ, தொட்டுக்கொள்ள வெங்காயமும் மிளகாயும். கொண்டுவர முடியாதவன் மதியத்தில் தண்ணீர் குடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தான். பல பள்ளிகளில் அதே நேரத்தில் வசதியுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து கேரியர் வந்தது. ஒரே வகுப்பில் படித்தவர்கள் மதிய மணி அடித்ததும் இரண்டு வேறு உலகங்களுக்குப் பிரிந்தார்கள்.

சம்பளம் கட்டுவது 1960-களின் முதல் பாதியில் நின்றது. முதலில் ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு. பிறகு 1964–65-ல் பதினோராம் வகுப்பு வரை எல்லோருக்கும். அப்போது முதல்வராக இருந்தவர் எம். பக்தவத்சலம், முன்னவர் போட்ட பாதையில் கடைசிக் கல்லை வைத்த பெருமையை அவருக்கும் கொடுக்க வேண்டும். உயர்நிலைப் படிப்பு சிலருக்கு மட்டும் பயன்படும்போது எல்லோர் வரிப்பணத்தையும் எடுத்து அதற்குச் செலவிடலாமா என்று அன்றைக்கும் கேட்டார்கள். கேள்வி நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போயிற்று; உயர்நிலைப் பள்ளிக்கு வரி வசூலிக்கலாம் என்று 1874-ல் அங்கே தீர்ப்பாயிற்று. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் அந்த நாட்டில் உயர்நிலைப் படிப்பை முடிப்பவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையிலிருந்து ஏறக்குறையப் பாதி என்ற நிலைக்கு வந்தார்கள். இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் மேல்நிலைக் கட்டணம் முழுமையாக நீங்கியது 1944 சட்டத்தில்தான். இங்கிலாந்துக்கும் நமக்கும் இதில் இருபது ஆண்டுதான் இடைவெளி. சிலருக்கு மட்டும் பயன்படுகிறது என்பது கட்டணம் இருந்ததன் விளைவு. கட்டணத்தைத் தொடர்வதற்கு அதையே காரணமாகக் காட்டியது தர்க்கப் பிழை.

ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டுச் சில ஆண்டுகள் தனி அலுவலர்களின் கையில் இருந்த போர்டுப் பள்ளிகளை 1970-ல் அரசு ஏற்றுக்கொண்டது. பெயர்ப்பலகை மாறியதைத் தவிர மாணவனுக்கு உடனே ஒன்றும் மாறவில்லை. ஆசிரியர்களுக்குத்தான் சம்பளமும் ஓய்வூதியமும் நிலைபெற்றன. மாணவனுக்குப் பெரிய மாற்றம் 1978-ல் பிளஸ் டூ வந்தபோது நேர்ந்தது. அதுவரை எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் பி.யூ.சி. படிக்கக் கல்லூரி உள்ள ஊருக்குப் போக வேண்டும். சங்கரன்கோவில் பையனுக்கு அது பாளையங்கோட்டை, கோவில்பட்டி, ராஜபாளையம். விடுதிச் செலவு, பஸ் செலவு, நகரத்து உடுப்பு எல்லாம் சேர்ந்து, கட்டணம் நின்ற லாபத்தை விழுங்கிவிட்டன. பெண் பிள்ளையைத் தனியாக வெளியூருக்கு அனுப்பப் பெரும்பாலான வீடுகள் சம்மதிக்கவே இல்லை. பிளஸ் டூ வந்ததும் கல்லூரி வாசல் வரையிலான படிப்பு தாலுகா ஊருக்குள்ளேயே கிடைத்தது. மதிய உணவைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் பிளஸ் டூவைப் பற்றிப் பேசுவதில்லை. பெண்கள் படித்ததில் அதன் பங்கு மிகப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984 செப்டம்பர் 15-ல் 10 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் விரிந்தபோதுதான் உயர்நிலைப் பள்ளி மாணவனின் மதியப் பசிக்குப் பதில் கிடைத்தது. எட்டயபுரத்துக்குப் பின் இருபத்தெட்டு ஆண்டுகள். பின்னர் இலவச பஸ் பாஸ் வந்தது. 2001–02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கும், 2005–06 முதல் மற்றவர்களுக்கும் சைக்கிள் வந்தது. காலை எட்டு மணிக்குச் சங்கரன்கோவில் சாலைகளில் சீருடையோடு வரும் சைக்கிள் வரிசையைத் தேர்தல் இலவசம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஓட்டுக்காகவே கொடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அந்தச் சைக்கிள் ஒரு பெண்ணின் ஆறு மைலைக் குறைத்தது உண்மை. நோக்கத்தை வைத்து விளைவை மறுக்க முடியாது.

மாணவர் வாழ்க்கை இந்தச் செலவுக் கணக்கிலிருந்து தனியாக நிற்பதல்ல. காலை வழிபாட்டுக் கூட்டம், 1970-க்குப் பின் அதில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து, வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றம், சாரணர் இயக்கம், என்.சி.சி., மாலைக் கபடி என்று எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானவை உண்டு. சங்கரன்கோவிலுக்கே உரியதும் உண்டு: ஆடித்தபசு. கல்வியாண்டு தொடங்கிச் சூடு பிடிக்கும் நேரத்தில் ஊரே கோமதியம்மன் தபசுக் காட்சிக்குத் திரள்கிறது; பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை கிடைக்கிறது. பருத்தி எடுப்புக்கும் கடலை பறிப்புக்கும் எந்தக் காலத்திலும் விடுமுறை அறிவித்ததில்லை. கரிசல் ஊர்ப் பிள்ளைகள் அந்த நாட்களில் தாமாகவே நின்றுகொண்டார்கள். மாலையில் கபடிக்கு நிற்பவன் பக்கத்துத் தெருவில் வீடு உள்ளவன். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவன் எந்த அணியிலும் இடம் பெறுவதில்லை. 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தாலுகா ஊர்ப் பள்ளிகள்வரை மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள் என்றால், அதற்கு முந்தைய பத்தாண்டில் அந்தப் பள்ளிகளில் யார் யார் புதிதாகச் சேர்ந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழில் படித்துத் தேர்வெழுதும் வாய்ப்பை அப்போதுதான் பெற்ற வீடுகளின் பிள்ளைகளுக்கு, மொழிக் கேள்வி வயிற்றுக் கேள்வியாகவும் இருந்தது. 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது.

எல்லோரையும் சேர்த்ததால் தரம் போய்விட்டது என்ற குற்றச்சாட்டு அடிக்கடி வருகிறது. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இந்தக் காலத்து எம்.ஏ.வுக்குச் சமம் என்று சொல்லாத வீடில்லை. அந்த ஒப்பீட்டில் ஒரு பக்கம் விடுபட்டுப்போகிறது. அன்று ஆறாம் பாரம் வரை வந்தவர்களை இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் எல்லோரோடும் ஒப்பிடுகிறோம். அன்று பள்ளிப்பக்கமே வராமல் ஆடு மேய்த்தவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதே வேளையில் இந்தக் குற்றச்சாட்டை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. வசதியுள்ள வீடுகள் மெட்ரிக் பள்ளிகளுக்குப் போன பிறகு, அரசுப் பள்ளியைக் கேள்வி கேட்கும் குரல் ஊரில் பலவீனமானது. நீட் வந்தபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. நீதிபதி கலையரசன் குழு அவர்களுக்கு 10 சதவீத இடம் பரிந்துரைக்க, 2020-ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அறிவு அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருந்தது. பயிற்சி நிலையக் கட்டணம் என்ற புதிய செலவுதான் குறுக்கே நின்றது. பழைய சம்பளத்தை ஒழித்த இடத்தில் வேறு பெயரில் ஒரு சம்பளம் முளைத்துவிட்டது.

பணத்தால் தீராத செலவு ஒன்றும் இருக்கிறது; அது சாதி. அதைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிப்பது நேர்மையாகாது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில், பள்ளிக்குப் போகும் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த காணொளியை நாடே பார்த்தது, சம்பந்தப்பட்டவர்கள் கைதானார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்பன அதன் பரிந்துரைகளில் சில. சீருடை எல்லோரையும் ஒன்றாக்கும் என்று 1960-ல் நம்பினார்கள். சட்டை ஒன்றாயிற்று, மணிக்கட்டு வேறாக நின்றது. சோறும் சைக்கிளும் கொடுத்து என்ன பயன் என்று இதை வைத்துக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்த இரண்டும் இல்லாதிருந்தால், அடி வாங்கிய பிள்ளையும் அடித்த பிள்ளையும் ஒரே வகுப்பறைக்குள் வந்திருக்கவே மாட்டார்கள். சேர்த்து உட்கார வைத்த அரசுக்கு, அச்சமில்லாமல் உட்கார வைக்கும் கடமை மீதம் இருக்கிறது. விருதுநகரில் ஊர் செய்ததையும் எட்டயபுரத்தில் அரசு செய்ததையும் இந்த விஷயத்தில் இருவரும் சேர்ந்து செய்தாக வேண்டும்.

கடைசியாகத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதுவரை சொன்ன வாதத்தை ஊர் ஊராகச் சரிபார்க்கச் சேர்க்கைப் பதிவேட்டைவிட நல்ல ஆவணம் இல்லை. பிள்ளையின் பெயர், பெற்றோரின் தொழில், ஊர், சேர்ந்த வகுப்பு, நீங்கிய நாள், நீங்கிய காரணம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். 1964-க்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை வைத்து ஒப்பிட்டால், கட்டணம் நின்றதும் எந்தெந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். பல பள்ளிகளில் இந்தப் பதிவேடுகள் பழைய பெஞ்சுகளோடு ஒரு அறையில் பூட்டிக் கிடக்கின்றன. கரையான் முந்திக்கொள்வதற்குள் அவற்றைப் படமெடுத்து வையுங்கள். போர்டுப் பள்ளி காலத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆண்டு மலர், குழுப் படம் வீட்டில் வைத்திருப்பவர்கள் அவற்றின் நகலைப் படித்த பள்ளிக்கே கொடுங்கள். வெளியூர்ப் பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிக்க வைத்த ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளைப் பற்றி அடுத்த பகுதியில் எழுதுகிறேன்.